ஊன்றுகோலும் அளவுகோலும்

வீடிழந்தவர்களுக்கும் காணியிழந்தவர்களுக்கும் உதவி பகிரப்படும் கூட்டங்களில் ஒரு சொல் அடிக்கடி காதில் விழுகிறது. "தகுதியான குடும்பங்களுக்கு மட்டும்" என்பதே அது. கேட்கும்போது நியாயமான சொல்லாகவே தோன்றும். ஆனால் தகுதி என்றால் என்ன என்று சற்று விசாரித்துப் பாருங்கள். வீடு இடிந்ததா, குடும்பத்தில் எத்தனை பேர், வேறு காணி உண்டா என்ற கேள்விகளோடு வேறு சில பேச்சுகளும் மெல்ல உள்ளே நுழைந்துவிடுகின்றன. "அவன் தவறணையே கதி என்று கிடப்பவன்." "அந்தப் பெண்ணின் நடத்தை சரியில்லை." "அவர்கள் ஒரு நாளும் சங்கத்துக்கு வந்ததில்லை." "இவர்களுக்குக் கொடுத்தாலும் கெடுத்துவிடுவார்கள்." இப்படிப் பேசுபவர்கள் வெளியிலிருந்து வரும் அதிகாரிகள் மட்டுமல்லர். பக்கத்து லயத்தில் வாழ்ந்தவர்களும், அதே மழையில் அதே பாதையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்களும் பேசுகிறார்கள்.

ஒழுக்கமாக உழைப்பவன் முன்னேறுவான் என்பது நல்ல எண்ணம். ஆனால் அதைத் திருப்பிப் போட்டு, முன்னேறாதவனிடம் ஏதோ ஒழுக்கக்கேடு இருந்தே ஆகவேண்டும் என்று முடிவு கட்டுவது ஆபத்தான எண்ணம். இந்தத் திருப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் ஒரு பகுதி நமது ஊவா மாகாணத்திலேயே நடந்தது. அதை அறிந்துகொள்வது இன்று இடம்பெயர்ந்து நிற்கும் நமக்குப் பயன் தரும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

16ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் "பியூரிட்டன்" என்ற பெயர் ஏளனப் பெயராகப் பிறந்தது. தமிழில் தூய்மைவாதிகள் எனலாம். முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், 1560களில், ஆங்கிலத் திருச்சபை பழைய கத்தோலிக்கப் பழக்கங்களை முற்றாகக் கைவிடவில்லை, அதை இன்னும் தூய்மைப்படுத்த வேண்டும் என்று நின்றவர்கள் இவர்கள். ஜெனீவா நகரில் போதித்த ஜோன் கல்வினின் (1509–1564) போதனையே இவர்களுக்கு அடித்தளம். மீட்பைப் பெறப்போகிறவர்கள் யார் என்பதைக் கடவுள் ஆதியிலேயே தெரிந்தெடுத்துவிட்டார் என்பது அப்போதனையின் ஒரு முக்கிய கூறு. சூது, கேளிக்கை, ஆடம்பரம் எல்லாவற்றையும் விலக்கி, ஞாயிறு ஓய்வைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்து, வேதநூலை ஒவ்வொருவரும் தாமே வாசித்து, ஒவ்வொரு நாளையும் கடவுளுக்குக் கணக்குக் கொடுப்பதுபோல் வாழ முயன்றார்கள்.

இவர்களில் ஒரு சிறு குழு, நொட்டிங்காம்ஷயரில் ஸ்குரூபி என்ற கிராமத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் நிலத்தை நம்பி வாழ்ந்த எளிய மக்கள். அரசாங்கத் திருச்சபையை விட்டுப் பிரிந்ததற்காகத் துன்புறுத்தப்பட்டு 1608இல் ஒல்லாந்துக்குத் தப்பி ஓடினார்கள். லெய்டன் நகரில் ஏர் பிடித்த கைகளால் நெசவுத் தொழில் பழகிப் பிழைத்தார்கள். அங்கும் வேரூன்ற முடியாமல் 1620இல் அவர்களில் ஒரு பகுதியினர் மேபிளவர் என்ற கப்பலில் அமெரிக்கா நோக்கிப் புறப்பட்டார்கள். கப்பலில் வேறு பயணிகளும் சேர 102 பேர் இருந்தனர். அடுத்த வசந்தகாலம் வருமுன்னே ஏறத்தாழ அரைவாசிப் பேர் குளிராலும் நோயாலும் மாண்டுபோனார்கள்.

யார் இவர்கள்? நம்மைப் போல இடம்பெயர்ந்த குடும்பங்கள். இவர்களைத் தாங்கி நிறுத்தியது எது என்று பார்ப்போம்.

கரையிறங்குவதற்கு முன் கப்பலிலேயே 41 ஆண்கள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். பொது நன்மைக்கான சட்டங்களை நாமே கூடி இயற்றுவோம், அவற்றுக்கு நாமே கட்டுப்படுவோம் என்பது அதன் சாரம். பெண்களின் கையெழுத்து அதில் இல்லை என்ற குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அரசன் கொடுத்த கட்டளையாக இல்லாமல், ஒன்றாகத் தவித்தவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தமாக அது இருந்தது. பின்னர் 1630இல் மசசூசெட்ஸ் விரிகுடாவில் குடியேறிய பெருந்தொகையான தூய்மைவாதிகள், வந்து ஆறே ஆண்டுகளில், 1636இல், ஹார்வர்ட் கல்லூரியைத் தொடங்கினார்கள். 50 குடும்பங்கள் உள்ள ஒவ்வோர் ஊரும் எழுத்தும் வாசிப்பும் கற்பிக்க ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும், 100 குடும்பங்கள் இருந்தால் உயர்நிலைப் பாடசாலையே அமைக்க வேண்டும் என்று 1647இல் சட்டம் செய்தார்கள். காடு வெட்டிக் குடிசை போட்டிருந்த காலத்தில் செய்த சட்டம் இது.

இலக்கியத்திலும் இந்த இயக்கம் பெரிய விளைச்சலைத் தந்தது. இங்கிலாந்தில் பாத்திரங்களுக்கு ஒட்டுப் போட்டு ஊர் ஊராகத் திரிந்த தொழிலாளி ஜோன் பனியன். அனுமதியின்றிப் போதித்த குற்றத்துக்காக 1660இல் பிடிபட்டு ஏறத்தாழ 12 ஆண்டுகள் பெட்போர்ட் சிறையில் இருந்தார். தமிழில் மோட்சப் பிரயாணம் என்று அறியப்படும் அவரது நூல் 1678இல் வெளிவந்தது. முதுகில் சுமையோடு சொந்த ஊரை விட்டுக் கிளம்பி நடக்கும் ஒரு சாதாரண மனிதனின் கதை அது. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இக்கதையைத் தழுவி, கம்பனின் வழியில் விருத்தப்பாக்களால் இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியத்தை இயற்றினார். அது 1894இல் வெளிவந்தது. பெட்போர்ட் சிறையில் இருந்த ஓர் ஏழைத் தொழிலாளியின் கதை இவ்வாறு தமிழ்க் காப்பியமாயிற்று.

உடன்படிக்கை, பாடசாலை, வாசிப்பு, உழைப்பு, கட்டுப்பாடு: இவை அந்த மக்களுக்கு ஊன்றுகோலாக இருந்தன. தடுமாறி நடப்பவனுக்கு ஊன்றுகோல் வேண்டும். அதில் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் ஊன்றுகோலையே நிமிர்த்திப் பிடித்து அடுத்தவனின் உயரத்தை அளக்கத் தொடங்கியபோது நிலைமை மாறியது. நாம் இவ்வளவு துன்பப்பட்டும் நிலைத்துவிட்டோம், ஆகவே கடவுளால் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் நாமே என்ற எண்ணம் வளர்ந்தது. குடியேறியவர்களுக்குச் சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்தவன் அந்த மண்ணின் மைந்தனான ஸ்குவாண்டோ. ஆனால் 1637இல் குடியேறிகளின் படை, மிஸ்டிக் என்ற இடத்தில் பீகுவோட் மக்களின் அரண் கிராமத்தைத் தீயிட்டு, பெண்களும் பிள்ளைகளுமாக நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. இந்த வெற்றியைக் கடவுளின் செயலாகவே குடியேறிகள் எழுதிவைத்தார்கள். நிலம் இழந்து வந்தவர்கள் நிலம் பறிப்பவர்களானார்கள்.

இங்கிலாந்திலும் அதுவே நடந்தது. தூய்மைவாதிகளின் செல்வாக்கு ஓங்கிய பாராளுமன்றம் 1642இல் நாடகசாலைகளை மூடியது. 1647இல் நத்தார் விழாவைக்கூட ஒழித்தது. (அதே அணியைச் சேர்ந்த மகாகவி மில்டன் 1644இல் நூல்களுக்கு முன்னனுமதி கேட்கும் சட்டத்தை எதிர்த்து எழுதினார் என்பதையும் மறக்கக்கூடாது. எல்லோரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்களல்லர்.) கிரொம்வெல்லின் படை அயர்லாந்தை அடக்கியபின் 1652இல் வந்த சட்டத்தின் பேரில், கத்தோலிக்க நிலவுடைமையாளர்கள் தம் காணிகளை இழந்து, மேற்கே கொனாட் என்ற வளம் குறைந்த பகுதிக்குப் போகுமாறு விரட்டப்பட்டார்கள். அமெரிக்காவின் சேலம் ஊரில் 1692இல் சூனியக்காரர் என்று குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். அந்த நீதிபதிகளுள் ஒருவரின் வழித்தோன்றலான நத்தானியேல் ஹோதோர்ன் 1850இல் ஒரு நாவல் எழுதினார். முறைதவறிய ஒரு பெண்ணின் மார்பில் சிவப்பு எழுத்தொன்றை அணியச்செய்து, ஊரே கூடிப் பார்த்து அவமானப்படுத்துவது அதன் கதை. நமது கூட்டங்களில் யாருடைய மார்பிலும் எழுத்துத் தைப்பதில்லை. பட்டியலில் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டாலே போதும்.

இனி நமது மாவட்டத்துக்கு வருவோம். தியத்தலாவை என்றதும் நமக்கு இராணுவ முகாம்தான் நினைவுக்கு வரும். அதன் தொடக்கம் பலருக்குத் தெரியாது. தென்னாபிரிக்காவில் பிரித்தானியருக்கும் போயர்களுக்கும் நடந்த போரில் பிடிபட்ட கைதிகளை அடைக்க 1900இல் அங்கே முகாம் கட்டினார்கள். ஏறத்தாழ ஐயாயிரம் போயர்கள் நமது மலையின் குளிர்காற்றில், முள்வேலிக்குள் வாழ்ந்தார்கள். போயர் என்ற ஒல்லாந்துச் சொல்லுக்கு உழவன் என்றே பொருள். இவர்கள் ஆங்கிலத் தூய்மைவாதிகள் அல்லர். ஆனாலும் அதே கல்வினின் போதனையில் வளர்ந்தவர்கள். ஒரே வேர், வேறு கிளை. வேதநூல், சங்கீதம், குடும்பச் செபம், கடும் உழைப்பு, தாம் தெரிந்தெடுக்கப்பட்ட மக்கள் என்ற நம்பிக்கை எல்லாம் இவர்களிடமும் இருந்தன.

இவர்கள் இங்கே அடைபட்டிருந்த காலத்தில், அங்கே பிரித்தானியப் படை இவர்களது பண்ணை வீடுகளைப் பல்லாயிரக்கணக்கில் எரித்தது. பெண்களையும் பிள்ளைகளையும் தடுப்பு முகாம்களில் அடைத்தது. அம்முகாம்களில் 26,000க்கும் மேற்பட்ட போயர்கள் மாண்டார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிறுபிள்ளைகள். கறுப்பின மக்களுக்கென்று வைத்திருந்த தனி முகாம்களிலும் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். தியத்தலாவையில் இருந்த உழவர்கள் இந்தச் செய்திகளை முள்வேலிக்குள்ளிருந்தே கேட்டிருப்பார்கள். 1902இல் போர் முடிந்தபின் பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர்களே ஊர் திரும்ப முடிந்தது. இலங்கையில் இருந்த கைதிகளுள் ஹென்ரி எங்கல்பிரெக்ட் என்பவர் கடைசிவரை பிரமாணம் செய்ய மறுத்து இங்கேயே தங்கினார். யால வனத்தின் முதலாவது காவல் அதிகாரியானவர் அவரே. மனச்சாட்சிக்குப் புறம்பாக ஒரு சொல்கூடச் சொல்லமாட்டேன் என்ற அந்த உறுதியை நாம் மதிக்கவேண்டும்.

ஆனால் ஊர் திரும்பியவர்களின் நாட்டில் அடுத்து என்ன நடந்தது? 1910இல் வெள்ளையர்களின் கையில் ஆட்சி வந்தது. மூன்றே ஆண்டுகளில், 1913இல், கறுப்பின மக்கள் நிலம் வாங்கக்கூடிய பரப்பை நாட்டின் ஏறத்தாழ ஏழு சதவீதத்துக்குள் அடக்கும் காணிச் சட்டம் வந்தது. குடும்பம் குடும்பமாக உழவர்கள் கால்நடைகளோடு தெருவில் நின்றார்கள். 1948இல் இனஒதுக்கல் அரச கொள்கையாயிற்று. போயர்களின் திருச்சபைகள் வேதநூலைக் காட்டியே அதை நியாயப்படுத்தின. எரிந்த வீடுகளின் பிள்ளைகள் அடுத்தவர் வீடுகளை இடிக்கச் சட்டம் எழுதினார்கள். அதே திருச்சபைக்குள்ளிருந்து பெயர்ஸ் நௌடே என்ற போதகர் 1963இல் பிரசங்க மேடையையே துறந்து இதை எதிர்த்து நின்றார். 1977இல் அரசு அவரைத் தடைக் கட்டளையால் முடக்கியது. 1982இல் கல்வினிய சபைகளின் உலக அமைப்பே இனஒதுக்கலுக்கான மறை நியாயத்தைத் தப்பறை என்று கண்டித்தது. ஊன்றுகோலை ஊன்றுகோலாகவே வைத்திருந்தவர்களும் அந்த மரபில் இருந்தார்கள் என்பதற்கு இது சாட்சி.

நமது நாட்டில் இந்த மரபு இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் நியூ இங்கிலாந்துத் தூய்மைவாத சபைகளின் வழித்தோன்றல்கள். அவர்கள் 1823இல் வட்டுக்கோட்டை செமினரியையும், 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும், 1841இல் உதயதாரகைப் பத்திரிகையையும் தொடங்கினார்கள். வட்டுக்கோட்டையில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவராகி, பின்னாளில் பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். இவர்களோடு மோதிய ஆறுமுக நாவலரும் இதே கருவிகளையே கையில் எடுத்தார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், அச்சுக்கூடம் நடத்தினார், பிரசங்கம் செய்தார், மது, உயிர்ப்பலி, கோயிலில் சதிர் என்பவற்றைக் கண்டித்தார். தெற்கே அநகாரிக தர்மபால பௌத்த இல்லறத்தாருக்கு ஒழுக்க விதிகளை எழுதி அச்சிட்டார். மதம் எதுவானாலும் தூய்மைவாதத்தின் சாயல் பரவியது.

ஆனால் மலைநாட்டுக்கு அந்த மரபின் பாதிதான் வந்தது. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் இங்கு வந்த துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர்கள்; கல்வினியத் திருச்சபையின் நாட்டில் வளர்ந்தவர்கள். நேரம் தவறாமை, கடும் உழைப்பு, சிக்கனம் என்ற சொற்கள் அவர்களோடு வந்தன. உடன்படிக்கை வரவில்லை. பாடசாலைச் சட்டமும் வரவில்லை. விடியற்காலைப் பெரட்டு வந்தது. தராசு வந்தது. நிர்ணயித்த இறாத்தலுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர் என்ற கணக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகள் முழுமையாக அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்ததே 1970களின் பிற்பகுதிக்குப் பின்னர்தான். அமெரிக்கத் தூய்மைவாதிகள் 1647இல் ஐம்பது குடும்பங்களுக்குச் செய்த ஏற்பாட்டை, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்த நமது தோட்டங்கள் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் சரிவரக் காணவில்லை. கட்டுப்பாட்டை மட்டும் கொடுத்து, கல்வியையும் காணியையும் கொடுக்காமல் வைத்துவிட்டு, "இவர்கள் முன்னேறமாட்டார்கள், குடித்தே அழிவார்கள்" என்று சொல்வது எந்த வகை நியாயம்?

ஜெர்மானிய அறிஞர் மக்ஸ் வெபர் 1904–1905இல் எழுதிய ஆய்வில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். தாம் தெரிந்தெடுக்கப்பட்டவர்களா இல்லையா என்று அறியாமல் தவித்த தூய்மைவாதிகள், தொழிலில் கிடைத்த வெற்றியை அதற்கு அடையாளமாகக் கண்டார்கள்; அந்த மனப்போக்கு முதலாளித்துவத்துக்கு உரமாயிற்று என்பது அவரது கருத்து. எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. ஆனால் ஒன்று தெளிவு: செல்வம் அருளின் அடையாளம் என்றால், வறுமை சாபத்தின் அடையாளம் ஆகிவிடும். ஏழை தன் வறுமைக்காக வெட்கப்படத் தொடங்குவான். வெட்கப்படுபவன் உரிமை கேட்கமாட்டான்.

நமது வறுமையின் காரணங்கள் எழுத்தில் இருக்கின்றன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவர்களுக்குப் பிறப்புப் பதிவு எங்கே இருந்தது? தகுதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். 1964இல் கொழும்புக்கும் டில்லிக்கும் இடையே செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைத் தொகையாகப் பங்கிட்டார்கள். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையானபோது, அந்த மண்ணை வளமாக்கியவர்களுக்குக் காணி கிடைக்கவில்லை. எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் முடிவு வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் "தகுதியற்றவர்கள்" என்று எழுதப்பட்ட மக்கள் நாம். அந்தச் சொல்லை நாமே எடுத்து இன்னொரு குடும்பத்தின் மேல் எறியலாமா?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தபோது, யார் குடிப்பவர், யார் குடிக்காதவர் என்று மண் கேட்கவில்லை. அதே ஆண்டின் இறுதியில் உமா ஓயாச் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டு, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றி வீடுகள் வெடித்தபோதும் அப்படியே. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழையில் பதுளை மாவட்டத்தின் மலைகள் சரிந்தபோதும் அப்படியே. சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் இறந்ததைக் குறித்துப் பேசும்போது, அவர்கள் மற்ற எல்லோரையும்விடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை இயேசு மறுத்தார் என்று லூக்கா நற்செய்தி சொல்கிறது. தன் நோன்பையும் காணிக்கையையும் கணக்கிட்டு, பின்னால் நின்ற வரிதண்டுபவரைவிடத் தான் மேல் என்று செபித்த பரிசேயரின் கதையும் அதே நற்செய்தியில்தான் இருக்கிறது. அந்தப் பரிசேயர் கெட்டவர் அல்லர். ஒழுக்கமானவர். அவரது பிழை அளவுகோலில் இருந்தது.

இது பிற சபைகளின் குறை மட்டும் என்று கத்தோலிக்கர் எண்ணவேண்டாம். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பரவிய ஜான்சனியம் என்ற கடும்போக்கு, தகுதியில்லை என்ற அச்சத்தால் மக்களை நற்கருணையிலிருந்தே விலகி நிற்கச் செய்தது. திருத்தந்தையர் அதைக் கண்டித்தும் அதன் நிழல் நீண்டகாலம் நீங்கவில்லை. அடிக்கடி நற்கருணை வாங்குங்கள் என்று 1905இல் பத்தாம் பத்திநாதர் காலத்தில் ஆணை வெளியிடவேண்டியிருந்தது. நற்கருணை உணவு, நல்லவர்களுக்குக் கொடுக்கும் பரிசு அல்ல என்பதே அதன் உட்பொருள். வீடும் காணியும் தண்ணீரும்கூட அப்படித்தான்.

அப்படியானால் குடியைக் கண்டும் காணாமல் இருப்பதா? இல்லவே இல்லை. சம்பள நாளில் தவறணைக்குப் போகும் பணம் எந்த அடுப்பை அணைக்கிறது என்பது நமது பெண்களுக்குத் தெரியும். கசிப்பு எத்தனை பேரைக் கொன்றது என்பதும் தெரியும். கொழுந்து பறித்து, மரக்கறிப் பாத்தி கொத்தி, விறகு சுமந்து வந்த பெண் அதற்குமேல் அடியும் வாங்கவேண்டுமா? கட்டுப்பாடு வேண்டும். ஆனால் அது யார் கையிலிருந்து வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலிருந்து வரும் கட்டுப்பாடு தண்டனையாகிறது. ஒரே நிலையில் இருப்பவர்கள் கூடித் தங்களுக்குத் தாங்களே இட்டுக்கொள்ளும் கட்டுப்பாடு பலமாகிறது. நமது மரணாதாரச் சங்கங்களைப் பாருங்கள். சாவு விழுந்த வீட்டில் செத்தவன் குடித்தானா என்று யாரும் கேட்பதில்லை. சந்தா கட்டிய வீடு என்றால் பெட்டிக்கும் பாடைக்கும் பணம் போய்ச்சேர்கிறது. கணக்குக் கறாராக இருக்கும், இரக்கமும் இருக்கும். நமது தோட்டங்களில் ஏற்கெனவே உள்ள உடன்படிக்கை அது.

ஆகவே புதிய இடங்களில் குடியேறும் குடும்பங்கள் சில விடயங்களைத் தங்களுக்குள் பேசித் தீர்மானிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, வீட்டுக்கும் காணிக்கும் இழப்பும் தேவையுமே அளவாக இருக்கட்டும். நடத்தையைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். தகப்பன் குடிக்கிறான் என்று பெயரை வெட்டினால், மழையில் நனைவது அவன் மட்டுமல்ல; பிள்ளைகளும்தான். பயம் இருந்தால் காணி உறுதியைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதக் கேளுங்கள். அப்போது அவன் தனியாக விற்றுக் குடிக்க முடியாது.

இரண்டாவது, குடியிருப்பின் விதிகளை எல்லோரும் கூடியிருக்கும் கூட்டத்தில், பெண்களும் கையெழுத்திட்டு எழுதுங்கள். கப்பலில் விடுபட்டவர்கள் நமது கூட்டத்திலும் விடுபடக்கூடாது.

மூன்றாவது, சங்கக் கணக்கை மாதம் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மாலையில் எழுத்துக் கற்றுக்கொடுங்கள். பிரதேச செயலகத்திலிருந்து வரும் கடிதத்தைத் தானே வாசித்து விளங்கிக் கையெழுத்திடும் தாய், எந்த உதவிப் பொதியைவிடவும் அக்குடும்பத்துக்குப் பெரிய பாதுகாப்பு.

நான்காவது, காமன் கூத்தையும் பொன்னர் சங்கரையும் தப்பையும் வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். நாடகசாலையை மூடிய தூய்மைவாதிகளால் நாடகத்தை அழிக்க முடியவில்லை. தங்கள் பெயரைத்தான் கெடுத்துக்கொண்டார்கள். இடம் மாறிய மக்களுக்குச் சோறு எவ்வளவு தேவையோ, கூடிச் சிரிக்கவும் ஆடவும் ஓர் இரவு அவ்வளவு தேவை. கூத்து நாளில் குடி வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்தால் அது நல்ல கட்டுப்பாடு.

ஐந்தாவது, நமக்குப் பின் வருபவர்களை மறக்காதீர்கள். நாளை வேறொரு மலை சரியலாம். வேறொரு லயத்தார், அல்லது பக்கத்துச் சிங்களக் கிராமத்தார், நமது குடியிருப்பின் ஓரத்தில் வந்து நிற்கலாம். அப்போது நாம் வீடு கட்டி, பாத்தி போட்டு, கொஞ்சம் நிமிர்ந்திருப்போம். "நாங்கள் கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தோம், இவர்கள் ஏன் வரக்கூடாது" என்ற பேச்சு நாவில் வரும். மிஸ்டிக்கில் தீ வைத்தவர்களின் நாவிலும், தியத்தலாவையிலிருந்து ஊர் திரும்பியவர்களின் நாவிலும் வந்த பேச்சு அது.

ஒழுக்கத்தையும் சிக்கனத்தையும் படிப்பையும் கையில் பிடித்து நடப்போம். வழுக்கும் மலைப்பாதையில் நமக்கு அந்த ஊன்றுகோல் வேண்டும். வழியில் ஒருவன் விழுந்தால், அதே கோலை நீட்டித் தூக்கிவிடுவோம்.